சங்கிலி வளர்க்கும் மூர்க்கம்

பிற்புல் என்ற பெயரைச் சொன்னாலே இணுவிலில் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "உது பிறவிக் கொலைகார நாய். ரத்தத்திலேயே இருக்கு." மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறவரும் இதைத்தான் சொல்கிறார், காங்கேசன்துறை வீதித் தேத்தண்ணிக் கடையில் பேப்பர் பார்க்கிறவரும் இதைத்தான் சொல்கிறார். சென்னையிலோ லக்னோவிலோ ஒரு சம்பவம் நடந்து, அந்தக் காணொளி கைபேசிக்கு வந்து சேர்கிற நாளில் இந்தப் பேச்சு இன்னும் உரக்கும். இனத்தையே தடைசெய்ய வேண்டும், இருக்கிறவற்றைக் கொல்ல வேண்டும் என்பதில் போய் முடியும்.

இந்தக் கருத்தை மறுத்துத்தான் எழுதுகிறேன். பிற்புல் கடிக்காது என்று சொல்ல வரவில்லை. கடிக்கும். பலமான உடம்பு, விடாப்பிடியான குணம். கடித்தால் காயம் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அது ஏன் கடிக்கிறது என்பதற்கு ஊர் சொல்லும் காரணம் பிழை. அந்தப் பிழையை நம்பிக்கொண்டிருக்கும்வரை எங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பில்லை, அந்த நாய்க்கும் விடிவில்லை.

நாய்க்குப் பயந்தவர்கள்தான் இதை அதிகம் நம்புகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிற்புல்லை வாங்கிக் கட்டியிருக்கிறவர்கள் அவர்களைவிட உறுதியாக நம்புகிறார்கள். நம்புவதால்தான் வாங்குகிறார்கள். போருக்குப் பிறகு எங்கள் பகுதியில் உயர்ந்த மதில்களும் பூட்டிய வீடுகளும் கூடிவிட்டன. சொந்தக்காரர் ரொறன்ரோவில் அல்லது இலண்டனில். வீட்டில் வயதுபோன தாய் தகப்பன், அவர்களும் இல்லையென்றால் காலையும் மாலையும் வந்து பார்த்துப் போகிற ஒருவர். களவுப் பயம் பொய்ப் பயமில்லை. வாள்வெட்டுக் கதைகளைக் கேட்டு இரவில் நித்திரை கொள்ளாத முதியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு மருந்தாக ஒரு சாதி நாய் வந்து இறங்குகிறது. முன்பு அல்சேசன், பிறகு ரொட்வீலர், இப்போது பிற்புல். குட்டி வரும்போதே அதன் வேலையும் முடிவாகியிருக்கிறது: ஆளைக் கண்டால் பாய வேண்டும்.

மூர்க்கம் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறதென்றால், அதை வரவழைக்க இத்தனை பாடு எதற்கு? குட்டியை இரண்டு மாதத்தில் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு வருகிறார்கள். வந்த கிழமையே மரத்தடியில் கட்டுகிறார்கள். "ஆக்களோடை பழக விடாதேங்கோ, பிறகு காவல் காக்காது" என்று விற்றவரே சொல்லியனுப்புகிறார். பிள்ளைகள் கிட்டப் போனால் அதட்டல். முகம் பயங்கரமாகத் தெரிய வேண்டுமென்று காதை வெட்டுகிறார்கள். மயக்க மருந்து இல்லை, மிருக வைத்தியர் இல்லை, சவர அலகுதான். பச்சை இறைச்சியும் மிளகாயும் கொடுத்தால் வெறி ஏறும் என்று நம்பிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மிளகாய் தின்ற நாய்க்கு வயிறு எரியும், வேறொன்றும் நடக்காது.

எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு நாய் இருந்தது. மண்ணிற உடம்பு, நெஞ்சில் வெள்ளை. அதைக் கட்டியிருந்த சங்கிலி மாட்டுக்குப் போடுகிற கனம். சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் புல் பூண்டு கிடையாது, செம்மண் மட்டும் மிதிபட்டு மிதிபட்டு மினுங்கும். நாய் திரும்பும்போதெல்லாம் தண்ணீர்ச் சட்டி சங்கிலியில் பட்டுக் கவிழும். சித்திரை வெயிலில் கவிழ்ந்த சட்டி பின்னேரம்வரை கவிழ்ந்தபடியே கிடக்கும். கழுத்துப்பட்டிக்குக் கீழே மயிர் போய்ப் புண், காதுக்குள் உண்ணி. சோறு போடுகிறவர் பயத்தில் சட்டியைத் தடியால் தள்ளிவிட்டு விலகுவார். பள்ளி விட்டு வருகிற பொடியன்கள் படலைக்கு மேலால் கல் எறிவார்கள், அது குரைத்துச் சங்கிலியில் தொங்குவதைப் பார்ப்பதற்கு. கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் அதற்கு ஓடி ஒளிய இடமில்லை. அந்த வட்டத்துக்குள்ளேயே நின்று நடுங்கும்.

ஒருநாள் சங்கிலிக் கொளுக்கி கழன்றுவிட்டது. வீதிக்கு ஓடிய நாய், சைக்கிளில் போன ஒரு பிள்ளையின் கெண்டைக்காலைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ஊசியும் போட்டார்கள். "பாத்தியளே, ரத்தம்" என்றது ஊர். நாயை அடித்துக் கொன்றார்கள். கல் எறிந்தது யார், கொளுக்கி துருப்பிடித்ததைப் பார்க்க வேண்டியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் அதே வளவுக்கு இன்னொரு குட்டி வந்தது. அதே மரம், அதே சங்கிலி. இரத்தத்தில் பழியைப் போட்டதால் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு கேள்வியும் மிஞ்சவில்லை.

இந்த நாயின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் எருதை நாய்களால் கடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது 1835இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் நாயோடு நாயை மோதவிடும் சூதுக்குத் திரும்பியது. புல்டோக்கையும் டெரியரையும் கலந்து எடுத்த நாய்கள் அதற்குப் பயன்பட்டன. குடியேறிகளோடு அவை அமெரிக்கா போயின. அங்கே யுனைட்டெட் கெனல் கிளப் 1898இல் அமெரிக்கன் பிற்புல் டெரியர் என்ற பெயரில் இந்த இனத்தைப் பதிவுசெய்தது. அந்தக் கிளப் வைத்திருக்கிற இன இலக்கணத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மற்ற நாய்களோடு மோதும் குணம் இதற்கு ஓரளவு உண்டு என்பது ஒன்று. அதை நான் மறைக்க மாட்டேன். ஆடும் கோழியும் தெருநாயும் திரிகிற எங்கள் ஒழுங்கைகளில் இந்த நாயைக் கயிறில்லாமல் விடக்கூடாது என்பதற்கு அதுவே போதுமான காரணம். மற்றது இங்கே ஒருவரும் வாசிக்காதது: அந்நியரோடும் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நாய் இது, ஆதலால் காவலுக்கு ஏற்ற தெரிவு இதுவல்ல என்று அந்த இலக்கணமே சொல்கிறது. வளவுக் காவலுக்கென்று காசைக் கொட்டி வாங்குகிற நாய், பதிவுசெய்தவர்களே காவலுக்குச் சொல்லாத நாய்! அதை மனிதரைக் கண்டால் பாயும் நாயாக்குவதற்குத்தான் சங்கிலியும் தனிமையும் கல்லும் தேவைப்படுகின்றன.

சரி, அமெரிக்காவில் நாய் கடித்து இறந்தவர்களின் கணக்கில் பிற்புல் முன்னுக்கு நிற்கிறதே என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. 1979 முதல் 1998 வரையான சாவுகளைப் பார்த்த ஆய்வில், இனம் தெரிந்த சம்பவங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிற்புல் வகையும் ரொட்வீலரும் இருந்தன. அதே பட்டியலில் குறைந்தது 25 இனங்கள் இருந்தன. அதை எழுதியவர்களே இன அடிப்படையில் சட்டம் செய்ய வேண்டாம் என்றார்கள். காலத்துக்குக் காலம் எந்த நாய் மோஸ்தரோ அது பட்டியலில் மேலே வருகிறது, பொறுப்பில்லாதவர்கள் ஒரு நாயை விட்டு இன்னொரு நாய்க்கு மாறிக்கொள்வார்கள் என்பது அவர்கள் கண்ட பாடம். அல்சேசனிலிருந்து ரொட்வீலருக்கும் அங்கிருந்து பிற்புல்லுக்கும் வந்த எங்கள் ஊர் வரிசையை யோசித்துப் பாருங்கள்.

இதைவிட ஆழமாகத் தோண்டிய ஆய்வு 2013இல் அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. 2000 முதல் 2009 வரை நாய் கடித்து நேர்ந்த 256 சாவுகளை, பத்திரிகைச் செய்தியோடு நிற்காமல், பொலிஸ் விசாரணையாளர்கள்வரை போய் ஒவ்வொன்றாகத் துருவினார்கள். 87.1 சதவீதமான சம்பவங்களில் இடையில் புகுந்து தடுக்கக்கூடிய ஆள் அருகில் இல்லை. 84.4 சதவீதத்தில் நாய் நலமெடுக்காதது. 76.2 சதவீதத்தில் அது வீட்டாரோடு பழகி வளர்ந்ததில்லை. சங்கிலியிலோ கூட்டிலோ வளவின் மூலையிலோ ஒதுக்கி வைக்கப்பட்டது. இப்படிப் பல காரணங்களை அடுக்கிப் பார்த்தபோது, ஐந்தில் நான்கு சாவுகளில் நான்கு காரணங்களாவது ஒன்றாகச் சேர்ந்திருந்தன. நாயின் இனம் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடிந்ததோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான சம்பவங்களில்.

ஒதுக்கிக் கட்டுதல், நலமெடுக்காமல் விடுதல், அருகில் ஆளில்லாமை. பூட்டிய வீட்டு வளவில் காவலுக்குக் கட்டியிருக்கும் நாயைத்தான் அந்த ஆய்வு விவரிக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. கடலுக்கு அப்பால் செய்த ஆய்வுதான். ஆனால் நாங்கள் நாய் வளர்க்கும் முறையை வரிக்கு வரி எழுதி வைத்ததுபோல இருக்கிறது.

2022 ஜூலையில் லக்னோவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 82 வயது, சொந்த வீட்டுப் பிற்புல்லால் கொல்லப்பட்டார். 2025 ஓகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் பிற்புல் கடித்து இறந்தார். இவை கொடுமையான சாவுகள். எந்த ஆய்வும் அந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் தராது. ஆனால் லக்னோவில் அந்த முதியவரோடு, நாயைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒருவர்கூட அந்த நேரம் வீட்டில் இல்லை. பலமான நாயை யாருடைய கையில், யாரோடு, எந்த ஏற்பாட்டில் விட்டுப் போகலாம் என்ற கேள்வியை அந்தச் சாவு எழுப்பியிருக்க வேண்டும். ஊடகங்கள் எழுப்பியது இனம் பற்றிய கேள்வியை மட்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியவை ரொட்வீலர்கள். அங்கே பொலிசார் உரிமையாளரைக் கைதுசெய்தார்கள். சரியான ஆளைத் தேடிப்போன நடவடிக்கை அது.

குணம் எவ்வளவு தூரம் இனத்தால் வருகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2022இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வு பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் வாசித்தது. நாய்க்கு நாய் இருக்கிற குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 சதவீதம். 9 சதவீதம் பூச்சியமில்லை. மிச்சம் 91ஐ விட்டுவிட்டு அந்த ஒன்பதை மட்டும் பிடித்துத் தொங்குவதுதான் இரத்தக் கதை. கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்ற கதையும் அப்படித்தான்; பிற்புல்லின் தாடையில் பூட்டுவதற்கு ஒரு பொறியும் கிடையாது, அமைப்பில் அது எந்த நாயின் தாடையையும் போன்றதே.

எது பிற்புல் என்று கண்ணால் பார்த்துச் சொல்வதும் நினைக்கிற அளவுக்கு லேசில்லை. புளோரிடாவில் நான்கு நாய்க் காப்பகங்களில் 120 நாய்களை வைத்துச் சோதித்தார்கள். நாளும் பொழுதும் நாயோடு வேலை செய்கிற ஊழியர்கள் 62 நாய்களைப் பிற்புல் வகை என்றார்கள். மரபணுச் சோதனையில் தேறியவை 25. தொழில்காரர்களே இப்படித் தடுமாறினால், பெரிய தலை, கட்டை மயிர் இரண்டையும் பார்த்து எங்கள் ஊர்க் கலப்பு நாயைப் பிற்புல்லென்று தடியெடுக்கிறவர்களை என்னவென்பது? இங்கே பிற்புல் என்று விற்கப்படுகிற குட்டிகளில் பாதிக்கு என்ன கலப்பென்று விற்கிறவருக்கே தெரியாது.

இனி, தடை. தடை கேட்கிறவர்கள் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதை அறிய வேண்டும். பிற்புல்லும் ஜப்பானியத் தோசாவும் உள்ளிட்ட சில இனங்களை இலங்கைக்குள் இறக்குமதி செய்ய அனுமதி கிடையாது. இருந்தும் குட்டிகள் முகநூலில் விலைபோகின்றன, இங்கேயே போட்ட குட்டிகள். தடையால் நின்றது ஒழுங்கான தாய் தகப்பன் தெரிந்த நாய். ஓடிக்கொண்டிருப்பது ஒளித்து நடக்கிற வளர்ப்பு. பிரித்தானியா 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தால் பிற்புல்லைத் தடைசெய்தது. 1998க்கும் 2018க்கும் இடையில் இங்கிலாந்தில் நாய்க்கடியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோரின் வீதம் இரு மடங்குக்கு மேல் கூடியது. பிறகு எக்ஸ்எல் புல்லி என்ற புதிய நாய் வந்தது. 2024 பெப்ரவரியிலிருந்து விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதையும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். நெதர்லாந்து 1993இல் போட்ட பிற்புல் தடையைக் கடி குறையவில்லையென்று 2008இல் கைவிட்டது. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களுக்கு எதிராக அனுப்பிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. கனடாவின் கல்கரி நகரம் இனத்தைத் தொடாமல் உரிமையாளரைப் பிடித்தது: உரிமம், தண்டம், கடித்த நாய்க்குத் தனிக் கட்டுப்பாடு. நான் காட்டும் வழி அதுதான்.

எங்கள் புலம்பெயர் உறவுகளுக்கும் இதில் ஒரு சொல் உண்டு. ஒன்ராறியோவில் 2005 ஓகஸ்டிலிருந்து புதிதாகப் பிற்புல் வைத்திருக்க முடியாது, இலண்டனிலும் முடியாது. அந்தச் சட்டங்கள் சரியென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அங்கே சட்டத்துக்குப் பயந்து தொடாத நாயை இங்கே காசனுப்பி வாங்குவித்து, எழுபது வயதுத் தாயின் பொறுப்பில் சங்கிலியில் விட்டுப்போவது எந்த நியாயம்? அந்தத் தாயால் அதைப் பிடிக்க முடியுமா? அதைக் குளிப்பாட்ட, நடத்த, வைத்தியரிடம் கொண்டுபோக முடியுமா? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பிப் போனபோது, அப்பா எங்கள் வீட்டு நாயின் கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் படலையைச் சாத்தினார். அவரால் அந்த நேரம் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அது போர்க்காலம். இன்று விமானத்தில் வந்து கோயில் திருவிழா பார்த்துவிட்டு, நாயை வட்டத்துக்குள் விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவருக்குச் சொல்ல அப்படி ஒரு காரணம் இல்லை.

கெட்ட வளர்ப்பில் போன நாய் மீளாது, சுட்டுத் தள்ளுவதே கருணை என்று சொல்கிறவர்களுக்கு வேர்ஜினியாவில் 2007இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்க உதைபந்தாட்ட வீரரின் காணியில் நாய்ச்சண்டைக்கு வைத்திருந்த ஐம்பதுக்கு மேற்பட்ட பிற்புல்களைப் பொலிசார் கைப்பற்றினார்கள். தோற்ற நாய்களை அந்த இடத்தில் தண்ணீரில் அமுக்கியும் தூக்கிலிட்டும் கொன்றிருந்தார்கள். மீந்தவற்றை எல்லாம் கொன்றுவிடுங்கள் என்று பெரிய விலங்குநல அமைப்புகளே சொல்லின. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனித்தனியே சோதிக்க வைத்தது. மூர்க்கத்துக்காகக் கொல்லப்பட்டது ஒன்றே ஒன்று. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. பல வீடுகளுக்குப் போயின. ஜொனி ஜஸ்டிஸ் என்ற நாய், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பக்கத்தில் படுத்து அவர்கள் வாசிப்பதைக் கேட்கும் வேலைக்குப் பழக்கப்பட்டது. சண்டைக்கென்றே வளர்த்த இரத்தம் அது.

எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவர் சூலம் நிற்கிறது, நாய் அவருக்கு வாகனம். அதைக் காட்டி நாயை நேசியுங்கள் என்று யாரையும் கேட்க மாட்டேன். நேசிக்காதவருக்கும் வளர்க்கத் தொடங்கினால் கடமை வந்துவிடும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது, நாங்கள்தான் மறந்துவிட்டோம். நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிய வேண்டும். எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன், ஒருவரும் இல்லை. வளர்ப்பு விலங்கு செய்த சேதத்துக்கு உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது இங்கே நடைமுறையில் உள்ள உரோம டச்சுச் சட்டத்தின் பழைய விதி. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் தண்டிக்க 1907ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் தண்டம் 100 ரூபா. சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் ஆண்டுக்கணக்காக இழுபட்டு வந்திருக்கிறது. இனத் தடைக்குக் குரல் கொடுக்கிறவர்கள் அந்தக் குரலில் கால்வாசியை இதற்குக் கொடுத்திருந்தால் எங்கள் ஒழுங்கை நாய் அந்த வட்டத்துக்குள் கிடந்திருக்காது.

பிற்புல் வைத்திருக்கிறவர் இன்றைக்கே செய்யக்கூடியவை பெரிய இரகசியமில்லை. சங்கிலியைக் கழற்றி, தாண்ட முடியாத வேலியோ மதிலோ உள்ள இடத்தில் நிழலும் கவிழாத தண்ணீரும் வைத்து விட வேண்டும். படலைக்கு உள்ளே இன்னொரு கதவு இருந்தால் தபால்காரரும் பாதுகாப்பு, நாயும் பாதுகாப்பு. விசர்நாய்க்கடி ஊசி ஆண்டுதோறும் போட வேண்டும். எங்கள் நாட்டில் நாய் மனிதரைக் கொல்கிற முதன்மையான வழி அந்த நோய்தான், அதற்கு இனம் தெரியாது. நலமெடுக்க வேண்டும். வெளியே கொண்டுபோகும்போது வளர்ந்த ஒருவர் கையில் கயிறும், நாயின் வாயில் வாய்க்கூடும் இருக்க வேண்டும். எவ்வளவு நம்பிக்கையான நாயாக இருந்தாலும் சின்னப்பிள்ளையைத் தனியே அதோடு விடக்கூடாது. குட்டிப் பருவத்திலேயே ஆட்களோடும் சத்தங்களோடும் பழக்க வேண்டும். ஆளைப் பழகிய நாயும் இரவில் அந்நியர் மதிலேறினால் குரைக்கும். வீட்டுக்காரரை எழுப்ப அந்தக் குரைப்பே காணும். இவற்றைச் செய்ய வசதியோ நேரமோ இல்லாதவர் இந்த நாயை வாங்கக் கூடாது. ஊர்க்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கட்டும். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்துகிற நாய்கள் சரணாலயத்தைப் பார்த்து வந்தால், கைவிடப்பட்ட எத்தனை நல்ல நாய்கள் வீடில்லாமல் இருக்கின்றன என்பது தெரியும்.

வலிகாமம் தெற்குப் பிரதேச சபையிடம் நான் கேட்பது ஒரு பதிவேடு. சுகாதாரப் பரிசோதகர் டெங்குக்கு வளவு பார்க்க வருகிறாரே, அதே வரவில் நாய் எத்தனை, ஊசி போட்டதா, கட்டியிருக்கிறதா, எதில் கட்டியிருக்கிறது என்று எழுதட்டும். எல்லா நாயையும் எழுதட்டும், பிற்புல்லை மட்டுமல்ல. நாயின் பெயருக்கு நேரே உரிமையாளரின் பெயர் இருக்கட்டும். அவர் ரொறன்ரோவில் இருந்தால் இங்கே அவருக்காகப் பொறுப்பேற்கிறவரின் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். அடுத்த முறை கொளுக்கி கழன்று ஒரு பிள்ளையின் காலில் தையல் விழுந்தால், பொலிசார் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தை.